சுவரோடு கட்டுண்ட சங்கீதம்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தைக்குப் போயிருப்பவர்கள், பூச்செடித் தொட்டிகளுக்கும் பழைய மரச் சாமான்களுக்கும் நடுவே, தரையில் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் கறுப்பு நிறச் சிறு பெட்டிகளை மலைபோல் கொட்டி, வாலும் தலையும் தெரியாமல் பின்னிக் கிடக்கும் அந்தக் கம்பிக் காட்டிலிருந்து எதை உருவி எடுத்தாலும் ஒரே விலை என்று கூவிக்கொண்டிருக்கும் வியாபாரிகளைப் பார்த்திருப்பார்கள். செத்துப்போன மோடங்களும், வழக்கொழிந்த செட்-டாப் பெட்டிகளும், யாரோ ஒரு குழந்தை இரண்டு மாதம் வாசித்துவிட்டு மறந்துபோன கீபோர்டுகளும் உலகத்தில் விட்டுச் சென்ற அனாதைகள் அவை. அடாப்டர் என்று இன்று சொல்கிறோம். எங்கள் வாலிபத்தில் எலிமினேட்டர் என்று சொன்னோம். சில வாரங்களுக்கு முன் ஓர் இளைஞர், சிகரெட்டுப் பெட்டி அளவேயான ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குவியலில் ஒவ்வொரு பின்னாக அதனுள் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். எது உள்ளே போகிறதோ அதுவே தமக்கு உரியது என்பது அவருடைய சித்தாந்தம். “பின் பொருந்துதா பாருங்க சார், மத்ததெல்லாம் ஒண்ணுதான்” என்று வியாபாரியும் அதற்கு ஆசி கூறினார். செருப்பு வாங்குகிறவனுக்கு இந்தச் சித்தாந்தம் போதும். மின்சாரம் வாங்குகிறவனுக்குப் போதாது.

அந்த இளைஞரைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. ஹெட்போனுக்குப் பதினாயிரமும் ஆம்ப்ளிஃபயருக்கு ஐயாயிரமும் யோசித்து யோசித்துச் செலவழித்த ஒருவர், அவ்விரண்டுக்கும் உயிர் கொடுக்கிற மின்சாரத்தை மட்டும் மேஜை டிராயரின் அடியில் எது கையில் அகப்படுகிறதோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வினோதம், தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் நான் அறிந்த பல வீடுகளில் நடப்பதுதான். வாங்குகிறவர்களுள் விவரம் தெரிந்த சிலர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். அதுவும் அரைக் காரியமே என்பது என் அபிப்பிராயம். அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆம்ப்ளிஃபயரைப் பார்ப்பதோடு, அது செருகப்படப்போகிற சுவரையும், அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருவையும் பார்க்க வேண்டும். கையடக்கமான கருவி பாட்டரியில் பாடிக்கொண்டிருக்கும் வரையில் அது சுதந்திர ஜீவன். சுவரோடு அதைக் கட்டிய கணத்திலேயே ஊரிலுள்ள மோட்டார்களெல்லாம் அதற்கு உறவினராகிவிடுகின்றன.

புறநகர்வாசிகளுக்கு ஹெட்போன் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் மாலை எங்கள் பக்கம் வந்து இருந்து பார்க்கும்படி அழைப்பேன். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள், ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத ஹாரன், மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு தண்டவாளத்தில் ஏதாவது ஒரு வண்டி என்று இருக்கும் ஊரில், ஒரு ராக ஆலாபனையை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் காதை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும். கைப்பேசியே ஹெட்போனை ஓட்டாதா என்றால், சாதாரண ஹெட்போனை ஓட்டும்; 300 ஓம் மின்தடையுள்ள ஸ்டூடியோ வகையை ஓட்டத் திணறும். அதற்காகத்தான் இந்தச் சின்னப் பெட்டி.

இந்தப் பெட்டி எவ்வளவு சாப்பிடும் என்பதை முதலில் அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும். காதுக்கு வேண்டியது ஆச்சரியப்படும்படியான சொற்பம். நல்ல ஹெட்போன்கள் பலவற்றில் ஒரு மில்லிவாட்டு, அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, செவி கூசும் அளவுக்குச் சத்தம் எழுப்பப் போதுமானது. 32 ஓம் ஹெட்போனில் அந்த ஒரு மில்லிவாட்டுக்கு 0.18 வோல்ட்டும், ஆறு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமும் தேவை. மிருதங்கத்தின் திடீர் முழக்கத்துக்கென்று பத்து மடங்கு கையிருப்பு வைத்துக்கொண்டாலும், உள்ளிருக்கும் ஐ.சி.யின் சொந்தச் செலவையும் விளக்கு ஒன்று எரிவதையும் சேர்த்துக்கொண்டாலும், 200 மில்லி ஆம்பியர் தரும் அடாப்டர் தாராளம். ஆகவே, கடைக்காரர் இரண்டு ஆம்பியர், மூன்று ஆம்பியர் என்று பெருமையோடு எடுத்துக் காட்டும் பெட்டிகளால் இங்கே விசேஷப் பிரயோஜனம் எதுவும் இல்லை. இதற்கு நேர் எதிரான பயமும் சிலரிடம் இருக்கிறது: ஆம்பியர் அதிகமான அடாப்டரைச் செருகினால் அவ்வளவும் உள்ளே பாய்ந்து கருவி கருகிவிடும் என்று நினைக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டி பெரிதாக இருப்பதால் குழாயைத் திறந்தவன் வீடு மூழ்கிவிடுவதில்லை. வேண்டிய மட்டும்தான் எடுத்துக்கொள்கிறோம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அந்த உயரமே வோல்ட்டு.

வோல்ட்டு விஷயத்தில் பெட்டியின் மேல் அச்சிட்டதை அப்படியே நம்பிவிடலாமா என்றால், அது எலிமினேட்டரின் வயதைப் பொறுத்தது. டிரான்ஸிஸ்டர் ரேடியோவில் பாட்டரிச் செலவை எலிமினேட் செய்வதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. மூன்று, நாலரை, ஆறு, ஏழரை, ஒன்பது, பன்னிரண்டு என்று திருப்பிக்கொள்ளும் குமிழும், நாலு விதப் பின்கள் சிலந்திக் கால்போல் பிரிந்து தொங்கும் வயரும் கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ரேடியோவுக்குப் பின்னால் சூடாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடுகள், ஒரு கபாசிட்டர், அவ்வளவுதான். வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் என்ற உறுப்பு பெரும்பாலானவற்றில் கிடையாது. அத்தகைய பெட்டி ஒன்றின் மேல் 12 என்று எழுதியிருந்தால், தன் முழுச் சுமையையும் தாங்கி நிற்கும்போது அது பன்னிரண்டு கொடுக்கும் என்றே அர்த்தம். நம்முடைய ஆம்ப்ளிஃபயரைப் போன்ற அற்ப சுமையோடு மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தால் 16, 17 என்று காட்டும். ஆம்ப்ளிஃபயருக்குள் 16 வோல்ட்டு தாங்கும் கபாசிட்டரைப் போட்டிருந்தால் அதன் ஆயுள் அன்றிலிருந்தே எண்ணப்படுகிறது.

இதைவிடக் கொடியது அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னம். ஒரு நேர்கோடும் அதன் கீழே துண்டுத் துண்டான கோடும் இருந்தால் டி.சி.; அலைபோல் வளைந்த கோடு இருந்தால் ஏ.சி. வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த படத்தில் நடுப்புள்ளியோடு பிளஸ் இணைந்திருந்தால் பின்னின் உட்புறம் நேர்முனை. மைனஸ் இணைந்திருந்தால் எதிர்முனை. கேஸியோ கீபோர்டுகளோடு வந்த பழைய ஒன்பது வோல்ட்டு அடாப்டர்களில் உட்புறம் எதிர்முனை. கித்தார்க்காரர்கள் காலால் மிதிக்கும் பெடல்களிலும் அவ்வாறே. நம் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் இதற்கு நேர் மாறு. பின்னின் அளவோ எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. நானே ஒரு சமயம், பழைய மோடத்தோடு வந்த கனமான அடாப்டரை, கனமாயிருக்கிறதே, உள்ளே நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் என்று மகிழ்ந்துபோய், கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, அந்த அலைக்கோட்டைப் பார்க்காமல் செருகிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒன்பது வோல்ட்டு ஏ.சி.யை அப்படியே வெளியே அனுப்பும் ஜாதி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு நெடி மட்டும் வந்தது; பிறகு எதுவும் வரவில்லை.

இவ்வளவும் கருவி பிழைப்பதற்கு. சங்கீதம் பிழைப்பதற்கு வேறு சில விஷயங்கள் இருக்கின்றன, உண்மையில் எனக்கு அவற்றிலேதான் ருசி அதிகம்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளாக முன்னும் பின்னும் ஓடுகிறது. டயோடுகள் அதை ஒரே திசையில் திருப்பிவிடும்போது வினாடிக்கு 100 அலைகளாக அது எழுந்து விழுகிறது. கபாசிட்டர் அந்த மேடு பள்ளங்களை நிரவியது போக மிஞ்சுவதே நாம் கேட்கும் ரீங்காரம். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இந்த நூறு என்ற எண்ணோடு ஒரு பிரத்தியேக விரோதம் உண்டு. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண் வித்வானின் ஆதார ஷட்ஜத்துக்கு வினாடிக்கு ஏறக்குறைய 196 அதிர்வு. தம்பூராவின் மந்தர ஷட்ஜத்துக்கு 98. எலிமினேட்டரின் ரீங்காரமோ 100, அதன் இரட்டிப்பு 200. இரண்டும் ஒன்றுபோல் இருந்தும் ஒன்றாகாமல், கீழே வினாடிக்கு இரண்டு முறையும் மேலே நான்கு முறையும் ஒன்றோடொன்று மோதி அலைக்கும். தம்பூரா போடுகிறவருக்குப் பக்கத்தில், சுருதி சேராத இன்னொரு தம்பூராவை வைத்துக்கொண்டு, காது கேளாத ஒருவர் விடாமல் மீட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. சினிமாப் பாட்டில் தாளக் கருவிகளின் ஆரவாரத்தில் இது மறைந்துபோகும். ஆலாபனையின் நடுவே வித்வான் மூச்சு விடும் இடத்தில் மறையாது.

நல்ல ஆப்-ஆம்ப் ஐ.சி.கள் தம் மின்சாரத்தில் இருக்கும் நூறு சுழற்சி அலையை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் திறன் வாய்ந்தவை என்று பொறியியல் படித்தவர்கள் ஆட்சேபிக்கலாம். உண்மைதான். ஆனால் கையடக்க ஆம்ப்ளிஃபயரில் ஒரு சிக்கனம் செய்திருக்கிறார்கள். ஒலி என்பது மேலும் கீழும் அசைவது. அதற்கு நேர் வோல்ட்டும் எதிர் வோல்ட்டும் வேண்டும். இரண்டு பாட்டரி வைக்க இடமில்லாததால் ஒரே ஒன்பது வோல்ட்டு பாட்டரியை இரண்டு மின்தடைகளால் பாகம் பிரித்து, நடுவே பிறக்கும் நாலரை வோல்ட்டைப் பூஜ்யம் என்று பாவனை செய்துகொள்கிறார்கள். 1990களின் இறுதியில் அமெரிக்கரான சூ மோய் வடிவமைத்து, உலகெங்கும் பெப்பர்மின்ட் டப்பாக்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் செய்து பார்த்த பிரசித்தமான ஆம்ப்ளிஃபயரும் இப்படிப்பட்டதே. மேலேயிருந்து இறங்கும் மின்சாரத்தில் ரீங்காரம் இருந்தால், அதில் பாதி இந்தப் பாவனைப் பூஜ்யத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளப் பார்க்கும். அங்கே கபாசிட்டர் சிறியதாயிருந்தால் ஐ.சி.யின் சாமர்த்தியம் அதனிடம் செல்லாது. பாட்டரி நிச்சலனமானது என்பதை நம்பி வரைந்த சித்திரத்தில் எலிமினேட்டரைச் செருகுவதால் விளையும் கஷ்டம் இது.

ஆகவே ரெகுலேட்டர் உள்ள அடாப்டரையே தேடவேண்டும். தானே செய்துகொள்ளக்கூடியவர்கள் 7812 என்றோ எல்.எம். 317 என்றோ மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டால், ஒரு டீயின் விலைக்குச் சற்று மேலே கொடுத்து அந்த மூன்று கால் பிராணியை வாங்கி வரலாம். ஆனால் இங்கேதான் தெருவைப் பார்க்கவேண்டும் என்று நான் சொன்னது வருகிறது. இந்த ரெகுலேட்டர்கள் தம் வாசலில் இரண்டு, இரண்டரை வோல்ட்டு அதிகமாக வந்து நின்றால்தான் வேலை செய்யும். பன்னிரண்டு வோல்ட்டு வேண்டியவர்கள் வழக்கமாகப் பன்னிரண்டு வோல்ட்டு டிரான்ஸ்ஃபார்மரையே வாங்குகிறார்கள். புத்தகத்திலுள்ள 230 வோல்ட்டுக்கு அது சரியாகவே இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு, தெருவிலுள்ள ஏ.சி. இயந்திரங்களெல்லாம் ஒருசேரப் பெருமூச்சு விடத் தொடங்கும்போது, என் வீட்டுச் சுவரில் நான் 190 வரையில் இறங்கக் கண்டிருக்கிறேன். அப்போது பன்னிரண்டு என்பது பத்துக்கும் கீழே போய், டயோடுகளின் கழிவும் போக அலையின் உச்சியே பன்னிரண்டரையைத்தான் தொடும். ரெகுலேட்டர் மூச்சுத் திணறி, அலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் ரீங்காரத்தை உள்ளே விட்டுவிடும். அதே இடத்தில் 15 வோல்ட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 190இலும் அலையின் உச்சி 16 வோல்ட்டு நின்று, அதற்குப் பின் போட்ட கபாசிட்டர் ஆயிரம் மைக்ரோஃபாரடாவது இருக்குமானால் கஷ்டமின்றி ஓடும். நள்ளிரவில் வோல்ட்டு 250க்கு ஏறும்போது ரெகுலேட்டர் சற்றுச் சூடாகும். ஆகட்டும், நாம் கேட்பதோ ஐம்பது மில்லி ஆம்பியர். மயிலாப்பூரில் சரியாயிருந்த அடாப்டர் மாடம்பாக்கத்தில் உறுமுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு, அதற்காக அடாப்டரைச் செய்தவனைத் திட்டிப் பயனில்லை.

இன்றைக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பவை கனமற்ற, சதுரமான, எஸ்.எம்.பி.எஸ். என்ற வகை. 100 முதல் 240 வரை எந்த வோல்ட்டிலும் இவை தளராது. ஆகவே மேலே சொன்ன வியாதி இவற்றுக்கு இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி ஒட்டும் இவற்றின் இரைச்சல் காதின் எல்லைக்கு மேலே இருப்பதால் நேராகக் கேட்காது. ஆனால் இவற்றுக்கு வேறொரு ஸ்வபாவம் உண்டு. உள்ளே எழும் அந்த அதிவேக இரைச்சலுக்கு வடிகாலாக, சுவர்ப்பக்கத்துக்கும் நம் பக்கத்துக்கும் இடையே ஒரு நுண்ணிய கபாசிட்டரைப் பாலமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு பின் மட்டுமே உள்ள அடாப்டரில், அந்தப் பாலத்தின் வழியாக அபாயமற்ற மிகச் சிறு கசிவு வெளியே வந்துகொண்டே இருக்கும். லாப்டாப்பின் உலோக உடலைப் புறங்கையால் தடவும்போது நொரநொரவென்று ஓர் உணர்வு வருகிறதே, டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறதே, அது இதுதான். ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் இதே கசிவு, ஒலிக் கம்பியின் தரையை வழியாகக் கொண்டு வேறெங்காவது இறங்கப் பார்க்கும்; அப்போது பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் தொடங்கும் டுப் என்ற சத்தமும், கீழ்வீட்டு மிக்ஸியின் கரகரப்பும், ஸ்டெபிலைஸரின் டிக்கும் அதன்மேல் சவாரி செய்து காதுக்கு வந்துவிடும்.

இதற்கு மூன்று பின் அடாப்டர் நல்ல பரிகாரம். ஆனால் மூன்றாவது பின்னுக்குப் பின்னால் உண்மையிலேயே பூமி இருக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். இருக்கிற வீடுகளிலும், கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைத்த எர்த் பள்ளம், பங்குனியோடு வறண்டுபோய் ஐப்பசி வரையில் மௌன விரதம் இருக்கிறது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தரைக்கடியில் படுத்திருப்பது சார்னோக்கைட் என்ற கரும்பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வட்டாரத்துக் கல்லையே கொண்டுபோனார்கள், அதனால் அந்தக் கல்லுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. கல்லறைக்கு உத்தமமான அந்தப் பாறை எர்த்துக்கு உத்தமமானதன்று. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லி, கோடையில் வாரம் ஒரு முறை பள்ளத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது, எந்த விலையுயர்ந்த அடாப்டரைக் காட்டிலும் அதிகப் பலன் தந்ததை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

ஆனால் எர்த்திலும் ஒரு கண்ணி இருக்கிறது, அது அந்தப் பாவனைப் பூஜ்யத்தைச் சேர்ந்தது. லாப்டாப்பும் எர்த்தோடு கூடிய சார்ஜரில் ஓடி, ஆம்ப்ளிஃபயரின் அடாப்டரும் தன் எதிர்முனையை எர்த்தோடு பிணைத்திருந்தால், லாப்டாப்பின் ஒலித் தரை எர்த்தில் நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரின் ஒலித் தரையோ எர்த்துக்கு மேலே பாதி வோல்ட்டில் நிற்பதாகப் பாவனை. இரண்டையும் ஒலிக் கம்பியால் இணைத்தவுடன் பாவனை கலைந்துவிடுகிறது. பாட்டு சிதையும், ஐ.சி. சூடேறும், ஹெட்போனின் மெல்லிய சுருளில் டி.சி. பாயும் அபாயமும் உண்டு. ஒரே யு.எஸ்.பி. பெட்டியின் இரண்டு துளைகளிலிருந்து கைப்பேசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மின்சாரம் எடுப்பவர்களுக்கும் இதே கதிதான், இவர்கள் எண்ணிக்கைதான் இன்று அதிகம். ஆகவே இந்த ஜாதி ஆம்ப்ளிஃபயருக்கு, வேறெதனோடும் எந்தக் கம்பியாலும் சம்பந்தமில்லாத, தனக்கென்றே ஒதுக்கப்பட்ட, வெளியீடு எர்த்தோடு சேராத அடாப்டர் வேண்டும். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை இரண்டு பக்கத்தையும் காந்தத்தால் மட்டுமே இணைத்து, செம்பால் இணைக்காமல் விடுவதால், இந்த ஒரு குணத்தில் இன்றைக்கும் அதற்கு இணையில்லை. பல்லாவரத்துக் குவியலில் கையால் தூக்கிப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கலாம். அலைக்கோட்டை மட்டும் மறக்கக்கூடாது.

பவர் பாங்கு நல்லதில்லையா என்று கேட்பார்கள். சுவரை விட்டு விடுதலை என்ற வகையில் நல்லதுதான். ஆனால் அதற்குள்ளிருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை ஐந்தாக உயர்த்த ஒரு வெட்டி ஒட்டும் இயந்திரம் அதிலும் இருக்கிறது. தவிரவும், நம் பெட்டி மிகக் குறைவாகச் சாப்பிடுவதைப் பார்த்து, யாரும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அரை நிமிஷத்தில் தூங்கிப்போகும் பவர் பாங்குகள் பல. இன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஊரெல்லாம் இருண்டு கிடந்த நாட்களில், சதுர அலை இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமிய உறுமல் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த உறுமலே எலிமினேட்டரின் வழியாகக் காதுக்குள்ளும் வரும்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் வந்தபோது அது 1,500 வோல்ட்டு டி.சி.யில் ஓடியது, 1960களில்தான் 25,000 வோல்ட்டு ஏ.சி.க்கு மாறினார்கள். அந்தப் பழைய மீட்டர் கேஜ் பாதைக்கென்று வந்த மின்சார என்ஜின்கள், மேலே கம்பி இல்லாத பக்கத் தண்டவாளங்களிலும் நடமாடும்பொருட்டு, பாட்டரி நிறைந்த வண்டி ஒன்றையும் உடன் இழுத்துக்கொண்டு போகும்படி அமைக்கப்பட்டிருந்தன. கம்பி இருக்கும்போது கம்பி, இல்லாதபோது பாட்டரி. அந்த வழியையே நானும் கைக்கொள்ளலாமென்று, கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.களில் போடும் 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றை வாங்கி, பிளஸ் முனையை ஒட்டி அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்து (இந்த ஃபியூஸை மறந்தால் தவறிப் பட்ட ஒரு கம்பி கணத்தில் சிவந்துவிடும்), 12 வோல்ட்டை ஏற்கும் என்று குறிப்பிட்டிருந்த என் ஆம்ப்ளிஃபயருக்கு அதையே கொடுத்தேன். அது ஐம்பது மில்லி ஆம்பியர் கேட்டால், கணக்குப்படி நூறு மணி நேரத்துக்கு மேல் வரும். பதினொன்றரை வோல்ட்டுக்கு இறங்குமுன் நிறுத்திவிட்டுச் சார்ஜரில் போடுகிறேன். சார்ஜ் ஏறும்போது பாட்டுக் கேட்பதில்லை. இதில் ரீங்காரமும் இல்லை, பக்கத்து வீட்டு மோட்டாரும் இல்லை. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிறது என்பதால் கையடக்கம் என்ற பெயர் மட்டும் போயிற்று. ஆனால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவனுக்குக் கையடக்கத்தால் என்ன லாபம்?

இந்தத் துறையில் பணக்காரர்களுக்கென்று, ஆம்ப்ளிஃபயரைப்போல் நாலு மடங்கு விலையில், அலுமினியத்தில் கடைந்த மின்சாரப் பெட்டிகளை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மில்லிவாட்டு சங்கீதத்துக்காக அவற்றை வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பணத்தில் பாதியில் எர்த் பள்ளத்தைப் புதுப்பித்து, மிச்சத்தில் டிசம்பர் சீசனுக்கு டிக்கெட் வாங்கலாம்.

வாங்குகிறவர்களின் அசிரத்தையைப் பற்றி இவ்வளவு சொன்னவன், விற்கிறவர்களை விட்டுவிடுவது நியாயமன்று. கருவியோடு அடாப்டரைக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் வழக்கம் பரவிவிட்டது. கையேட்டில் ‘தகுந்த அடாப்டரை உபயோகிக்கவும்’ என்று எழுதுகிறார்கள். எது தகுந்தது என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். அடாப்டர்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்குள் அரசாங்கம் கொண்டுவந்திருக்கிறது. ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமும் பதித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், உள்ளே தீப்பிடிக்கும் ரகத்திலிருந்து தப்பலாம். ஆனால் அந்த முத்திரை பாதுகாப்புக்கு மட்டுமே சாட்சி. வெளியீடு எர்த்தோடு சேர்ந்ததா, பிரிந்ததா, வெளியே வரும் இரைச்சல் எத்தனை மில்லி வோல்ட்டு, பின்னின் உட்புறம் எது என்பவற்றைப் பெட்டியின் மேல், உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில், தமிழிலும் அச்சிடும்படி யாரும் கேட்டதில்லை. மின்னணுவியலைத் தனிப் படிப்பாகத் தொடங்கிய முன்னோடிகளில் ஒன்றான எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியைச் சி. ராஜம் 1949இல் நிறுவிய குரோம்பேட்டை, அந்தச் சந்தையிலிருந்து ஒரே ஒரு ரயில் நிலையத் தூரம். அந்த மாணவர்களில் நாலு பேர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு மல்ட்டிமீட்டரும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு வந்து, தார்ப்பாயின் மேல் கிடக்கும் பெட்டிகளை அளந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் உண்மையான வோல்ட்டையும், ஏ.சி.யா டி.சி.யா என்பதையும், உள்முனையையும் எழுதிவிட்டுப் போனால், வியாபாரி நிச்சயம் டீ வாங்கிக் கொடுப்பார். அந்த இளைஞர் அன்று செருகிப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிகளில் ஒன்றை நானும் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது, இந்தத் தடவை கண்ணாடியும் கையில் இருந்தது. அலைக்கோடு. திரும்பவும் குவியலில் போட்டுவிட்டு, அவருக்கும் காட்டிக் கொடுத்தேன்.